நாலு குழாயும் அறுபது பிள்ளைகளும்: நடுநிலைப் பள்ளியில் நலக்கல்வி

ஏழாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி, கையை எப்போதெல்லாம் கழுவ வேண்டும் என்று கேட்டால் பிசகாமல் சொல்லும். சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் போய் வந்த பின், விளையாடிய பின். அதே பிள்ளை சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பாருங்கள். இரண்டு விரலை நனைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடும். இதைக் கண்டதும் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வது, மறுநாள் அதே பாடத்தை இன்னொரு முறை நடத்துவது. பாடம் தெரியாத குறை அல்ல அது. குழாய்க் கணக்கின் குறை.

அறுபது பிள்ளைகள், நாலு குழாய். கையை நனைத்து, சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்து, அலசி நகர ஒருவருக்கு 40 விநாடி ஆகும். பதினைந்து சுற்று. மொத்தம் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். சாம்பார் மணம் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் பத்து நிமிடம் வரிசையில் நிற்காது. நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆகவே நலக்கல்வியின் முதல் வகுப்பு கரும்பலகையில் அல்ல, குழாயடியில் தொடங்க வேண்டும். பத்தடி நீளமுள்ள ஒரு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று, அடிக்கு ஒன்றாக 3 மில்லிமீட்டர் துளை, ஒரு முனையில் தொட்டியிலிருந்து வரும் இணைப்பும் வால்வும், மறுமுனையில் மூடி. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கழுவலாம், நாலு நிமிடத்தில் அறுபது பேரும் முடித்துவிடுவார்கள்.

இதில் பிசகும் இடங்கள் மூன்று. துளையைப் பெரிதாகப் போட்டால் வால்வுப் பக்கத்தில் கொட்டும், கடைசித் துளைகளில் சொட்டும். கீழே சாய்வாக வாய்க்காலோ ஜல்லிப் படுகையோ இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் சேறாகி, பிள்ளைகள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். மூன்றாவது உப்புத் தண்ணீர். போர்வெல் நீர் உள்ள ஊர்களில் துளைகள் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை குண்டூசியால் குத்திவிட வேண்டும். கடைசி மூடியைப் பசை போட்டு ஒட்டாமல் மரை உள்ளதாக வாங்கினால் அவ்வப்போது கழற்றி உள்ளே சேர்ந்ததை அடித்து வெளியேற்றலாம். ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டு குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

சோப்புக் கட்டியை வைத்தால் தண்ணீரில் ஊறிக் கரையும், அல்லது காணாமல் போகும். துண்டாக வெட்டி, வெங்காயம் வரும் நைலான் வலையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டும் நடக்காது. இன்னும் சிக்கனம் சோப்புத் தண்ணீர். ஒன்றரை லிட்டர் நீரில் 30 கிராம் துணி சோப்புத்தூள் கரைத்து, பாட்டில் மூடியில் சூடான ஊசியால் ஒரு துளை. தொற்று தடுக்க இது போதும். ஆனால் பாட்டிலின் மேல் சிவப்புப் பெயின்டில் ‘குடிக்காதே’ என்று எழுதாமல் வைக்காதீர்கள். விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை எந்தப் பாட்டிலையும் எடுத்துக் கவிழ்த்துக்கொள்ளும்.

குழாய் தயாரான பிறகு வகுப்பு. அரை ஸ்பூன் மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஆறு பேர் கையில் தடவுங்கள். இருவர் வெறும் தண்ணீரில், இருவர் சோப்போடு 5 விநாடி, இருவர் சோப்போடு 20 விநாடி கழுவட்டும். பிறகு கையை நீட்டச் சொன்னால் வகுப்பே கண்டுபிடித்துவிடும்: கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண். வெறும் தண்ணீரில் எண்ணெய் அசையவே அசையாது. ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள், சோப்பு பட்டதும் மஞ்சள் சிவக்கும். சொல்லாவிட்டால் “ரத்தம் டீச்சர்!” என்று கூச்சல் கிளம்பி வகுப்பு கைநழுவும். சொல்லிவிட்டால் அமிலம்-காரம் பாடத்துக்கு வழி பிறக்கும். 20 விநாடி கழுவிய கையிலும் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். அது கறை, அழுக்கு அல்ல என்பதையும் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் “சோப்பு போட்டாலும் போகல” என்பதுதான் வீட்டுக்குப் போய்ச் சேரும் பாடம்.

சர்க்கரைக் கரைசல்: அளவுதான் பாடம்

பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பலர், அம்மா வேலைக்குப் போன நேரத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஆகவே வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் செய்வது இவர்களுக்குத் தேர்வுக் கேள்வி அல்ல, வீட்டு வேலை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இதை எழுதிப்போட்டால் அனைவரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். செய்யச் சொன்னால்தான் தெரியும், எத்தனை விதமாகப் பிசகும் என்று.

முதலில் ஸ்பூன். டீஸ்பூன் என்பது 5 மில்லி. வீட்டில் இருப்பது சாப்பிடும் ஸ்பூனாக இருக்கும், அதில் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பிடிக்கும். காய்ச்சல் மருந்துப் பாட்டிலோடு வரும் 5 மில்லி அளவு மூடியைக் கொண்டுவரச் சொல்லி, வீட்டு ஸ்பூனில் எத்தனை மூடி பிடிக்கிறது என்று ஒவ்வொருவரும் அளந்து நோட்டில் எழுதட்டும். அடுத்தது தண்ணீர். ‘ஒரு சொம்பு’ என்றால் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் நம்பகமான அளவு. மூன்றாவது, தலைதட்டுவது. குவித்து எடுத்த அரை ஸ்பூன் உப்பு ஏறக்குறைய ஒரு ஸ்பூனாகிவிடும். சர்க்கரை சற்றுக் கூடினால் போக்கு கூடும். உப்பு கூடினால் சிறு குழந்தைக்கு ஆபத்து. ஆகவே கலக்கியதும் தன் நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரே நேரத்தில், அதன் மேல் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து டம்ளருக்குக் கொஞ்சமாகப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தூளில் உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு டம்ளர் கரிக்கும், இன்னொன்று வெறும் இனிப்பாகும். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாக. கண் குழிந்தாலோ, சிறுநீர் போகவில்லை என்றாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ ஆஸ்பத்திரி. கரைசலை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

பழரச டப்பாக்களில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடித்து விற்ற பழக்கத்துக்கு 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடை போட்டது. பிள்ளைகளை மருந்துக்கடைக்கு அனுப்பும் வீடுகளுக்கு இது போய்ச் சேர வேண்டிய செய்தி. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித்தர ஒரு பீரியட் ஒதுக்கலாம்.

இவ்வளவு எளிய பொருளைப் பிள்ளைகள் இளக்காரமாக எண்ணுவார்கள். ஊசியும் பாட்டில் குளுக்கோஸும்தான் அவர்களுக்கு வைத்தியம். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முகாமில் சாவு நூற்றுக்கு முப்பது என்ற அளவிலிருந்து நாலுக்கும் கீழே இறங்கியது. படிக்காத உறவினர்கள் செய்த வேலை அது. இதைச் சொன்ன பிறகு ஸ்பூனைத் தலைதட்டும் கை கொஞ்சம் கவனமாகிறது.

நாய்க்கடிக்கும் இதே முறைதான். ‘சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்’ என்று எழுதிப் போட்டால் ஒரு வரி. கடிகாரத்தை மேசையில் வைத்து, 15 நிமிடம் கையைக் குழாயடியில் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் நிமிடத்திலேயே “போதுமா சார்?” என்று கேட்பார்கள். அதுதான் வீட்டிலும் நடக்கும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் ஒருவர் செய்து காட்டினால் போதும், அந்த நீரைச் செடிக்கு விடலாம். மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் புண்ணில் வைக்கக் கூடாது. தடுப்பூசியை அன்றைக்கே தொடங்கி எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். ஆனால் இந்த வகுப்பின் உண்மையான பாடம் வேறு: குட்டிநாய் பிராண்டியதை வீட்டில் மறைக்காமல் சொல்வது. அடி விழும் என்றுதான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஆகவே பெற்றோர் கூட்டத்தில், “நாய் கடிச்சிடுச்சுன்னு பிள்ளை வந்து சொன்னா, அன்னைக்கு மட்டும் திட்டாதீங்க” என்று சொல்லி வைப்பது பிள்ளைக்கு நடத்தும் பாடத்தைவிடப் பலன் தரும்.

நீல மாத்திரை

ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒன்று தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நீல நிறம். கொடுத்த அன்று மாலை பள்ளிக்குப் பின்புறம் போய்ப் பார்த்தால் வேலியோரம் நீலமாகக் கிடக்கும். காரணங்கள் இரண்டுதான். வெறும் வயிற்றில் சாப்பிட்டு ஒருமுறை குமட்டிய பிள்ளை மறுபடி தொடாது, பக்கத்தில் இருப்பவளையும் தொட விடாது. இன்னொன்று, ‘இதைச் சாப்பிட்டா பிள்ளை பிறக்காது’ என்ற வதந்தி.

முதலாவதற்கு மருந்து நேரம். மதிய உணவு முடித்து அரை மணிக்குள், ஒரு டம்ளர் தண்ணீரோடு, ஆசிரியர் பார்க்க விழுங்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அந்த வாரம் வேண்டாம். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது, ஒரு மணி நேரம் கழியட்டும். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்தால், நெல்லிக்காய் கடித்தால் சேரும். இரண்டாவதற்கு ஒரே வழி: ஆசிரியர் பிள்ளைகள் எதிரில் முதல் மாத்திரையைத் தானே விழுங்குவது. நூறு விளக்கம் செய்யாததை அது செய்யும்.

மாத்திரைப் பட்டையை மாணவத் தலைவியிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் வேறு வேலை பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. 2023 மார்ச்சில் உதகையில், யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டு இந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பள்ளிப் பிள்ளைகளில் ஒரு மாணவி இறந்தே போனார். அளவு மீறிய இரும்பு விஷம் என்பதை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நேராகவே சொல்லலாம். சத்து மாத்திரை என்று மட்டும் சொல்லி வைத்தால், அதிகம் சாப்பிட்டால் அதிகச் சத்து என்றுதான் கணக்குப் போடுவார்கள். எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, மீதியைப் பூட்டி வையுங்கள். லீவுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நேர்ந்தால் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பேடு, துணி, பெட்டிச் சாவி

மாதவிடாய் வகுப்பைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும், கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் நடத்திவிட்டு முடித்துக்கொள்வது வழக்கம். அன்று மாலையே ஆண் பிள்ளைகள், “என்னடி சொன்னாங்க?” என்று சீண்டத் தொடங்குவார்கள். வகுப்பு நடந்ததே கேலிக்குக் காரணமாகிவிடும். எங்கள் கருத்தில் இரண்டு கட்டம் வேண்டும். முதலில் இருபாலரும் சேர்ந்து, வளரும் உடம்பைப் பற்றி ஒரு வகுப்பு: குரல் உடைவது, பரு, அக்குள் முடி, வியர்வை நாற்றம், உயரம், பிறகு மாதவிடாய். இப்படி வரிசையில் வைத்தால் அது பத்தில் ஒன்றாகிவிடும், சிரிப்பு தானாக அடங்கும். அடுத்த வாரம் தனித்தனியாக.

ஆண் பிள்ளைகளின் தனி வகுப்பைப் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் என்று பயந்து, சுவரில் ஒட்டிய ‘ஆண்மைக்குறைவு’ விளம்பரத்து நம்பரைக் குறித்து வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையன்கள் உண்டு. இந்த வயதில் பையன்களில் பலருக்கு மார்புக் காம்பின் கீழ் சிறு கட்டியும் வலியும் வந்து, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே போய்விடும். இதை யாரும் சொல்லாததால் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு விளையாட்டையே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து நிமிடப் பேச்சில் தீரும் பயம்.

பெண் பிள்ளைகளின் வகுப்பில் படம் காட்டுவதை விடப் பேடையே பிரித்துக் காட்டுங்கள். இரண்டு டீஸ்பூன் சாயத் தண்ணீரை ஊற்றினால் எங்கே பரவுகிறது, எப்போது ஓரத்துக்கு வருகிறது என்பது தெரியும். நிறையாவிட்டாலும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலை எட்டுக்குக் கிளம்பி ஐந்துக்கு வீடு திரும்பும் பிள்ளை பள்ளியில் ஒருமுறையாவது மாற்றியே தீர வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வரும். அப்போதுதான் கேள்வி கழிப்பறைக்குப் போகும்: தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, மூடி போட்ட குப்பைத் தொட்டி உள்ளேயே இருக்கிறதா. தொட்டி வெளியே இருந்தால் காகிதச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் எந்தப் பிள்ளையும் நடக்காது, பீங்கானுக்குள் போட்டு அடைத்துவிடும். பிறகு கழிப்பறையைப் பூட்டுவோம். தவறு தொட்டியை வைத்த இடத்தில்.

தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பாக்கெட்டுக்கு ஆறாக மூன்று பாக்கெட் தருகிறார்கள், 18 பேடு. ஒரு முறைக்கு ஐந்து நாள், நாளுக்கு நாலு என்று வைத்தால் இருபது வேண்டும், இரண்டு மாதத்துக்கு நாற்பது. ஆகவே பாதிக்கு மேல் துணிதான் என்பதை ஒப்புக்கொண்டு பாடம் நடத்த வேண்டும். துணியில் கேவலம் ஒன்றுமில்லை. பருத்தியாக இருக்க வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர், வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்பு. பிறகு நேர் வெயில். கெடுவது இந்தக் கடைசிப் படியில்தான். யாரும் பார்க்கக் கூடாது என்று பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே காயப்போடும் துணி ஈரம் போகாமல் அரிப்பும் புண்ணும் தரும். மேலே மெல்லிய துண்டு ஒன்றைப் போர்த்தி வெயிலில் போடலாம் என்று சொல்லிக்கொடுத்தால் செய்கிறார்கள். ‘வெட்கப்படாதே’ என்று சொன்னால் செய்வதில்லை.

முதல் இரண்டு மூன்று ஆண்டில் 21 நாளுக்கும் வரும், 45 நாளுக்கும் வரும். ஆனால் ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு பேடு நனைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

பள்ளியில் ஒரு பெட்டி வையுங்கள். ஆறு பேடு, இரண்டு புது உள்ளாடை, ஒரு பழைய சீருடைப் பேன்ட், செய்தித்தாள், சோப்பு, நாலு ஊக்கு. இது எச்.எம். அறை அலமாரியில் பூட்டியிருந்தால் இல்லாதது போலத்தான். ஒரு சாவி ஏழாம் வகுப்பில், ஒன்று எட்டாம் வகுப்பில், இரண்டு பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். யார் எடுத்தார்கள் என்று கையெழுத்து வாங்க ஒரு நோட்டுப் போடாதீர்கள். அந்த நோட்டு வந்த மாதமே பெட்டி திறப்பது நின்றுவிடும்.

‘வேணாம்’ என்று சொல்லப் பழக்குவது

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களும் பல பள்ளிச் சுவர்களில் அழகான எழுத்தில் இருக்கின்றன. 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளி நலத்திட்டம் 11 தலைப்புகள் வகுத்து, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றச் சொன்னது. சுவரும் தலைப்பும் இருக்கட்டும். ஒருவன் ‘கூல் லிப்’ புகையிலைப் பையைப் பிரித்து, “ஒரு தடவை வச்சுப் பாரு மச்சான்” என்று நீட்டும் அந்த மூன்று விநாடியில் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். “புகையிலை உடல்நலத்துக்குத் தீங்கானது” என்று எந்தப் பையனும் நண்பனிடம் சொல்ல மாட்டான். சொன்னால் அடுத்த ஒரு மாதத்துக்கு அதுவே அவனுக்குப் பட்டப்பெயர்.

ஆகவே வாக்கியத்தைப் பிள்ளைகளே செய்யட்டும். குறுகியதாக, அவர்கள் பேச்சில் இருக்க வேண்டும். “எனக்கு வேணாம்டா.” “எனக்கு வாந்தி வரும், நீ போ.” “எங்க அண்ணன் அந்தப் பக்கம் வர்றான், நான் கிளம்புறேன்.” பொய்ச் சாக்கு சொல்லலாமா என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். சொல்லலாம். இடத்தைவிட்டுக் கிளம்புவதுதான் இலக்கு, வாதத்தில் ஜெயிப்பது அல்ல.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் நீட்டுகிறவர், ஒருவர் மறுப்பவர், ஒருவர் பார்ப்பவர். இரண்டு நிமிடம், பிறகு இடம் மாறுவது. நீட்டுகிறவர் விடாமல் மூன்று முறை வற்புறுத்த வேண்டும், ஏனென்றால் முதல் ‘வேணாம்’ எல்லோருக்கும் வரும், உடைவது மூன்றாவதில்தான். பார்ப்பவர் மூன்றே விஷயம் குறிக்க வேண்டும்: கண்ணைப் பார்த்துச் சொன்னானா, காரணத்தை நீட்டி முழக்கி மாட்டிக்கொண்டானா, நகர்ந்தானா. விளையாட்டு கெட்டுப்போவது எப்படி என்றால், நீட்டுகிறவன் சினிமா வில்லனாகி வகுப்பே அவனுக்குக் கைதட்டும். முதல் சுற்றில் அந்த வேடத்தை ஆசிரியரே போட்டுவிட்டால் அந்த மவுசு போய்விடும். சாக்பீஸைப் பீடியாகப் பிடித்து ஊதிக்காட்டுவதையும் அனுமதிக்காதீர்கள், பழகிப்போவது மறுப்பு அல்ல, ஊதுவதாகிவிடும்.

இதோடு ஒரு கணக்குப் பாடம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். 100 கெஜம் என்றால் சுமார் 91 மீட்டர். பத்து மீட்டர் கயிறோடு பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து பிள்ளைகள் அளந்து வரைபடம் போடட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது பிள்ளைகள் வேலை அல்ல, வரைபடத்தை மேலாண்மைக் குழுவில் வைப்பது ஆசிரியர் வேலை.

கேள்விப் பெட்டி

செருப்பு டப்பாவில் ஒரு கீறல். எல்லோருக்கும் ஒரே அளவு தாள், எல்லோரும் பென்சில். கேள்வி உள்ளவர்கள் மட்டும் எழுதுங்கள் என்றால், யார் குனிந்து எழுதுகிறார்கள் என்பதை வகுப்பே பார்க்கும். ஆகவே அறுபது பேரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் ‘இன்று கேள்வி இல்லை, சாப்பாடு நன்றாக இருந்தது’ என்று எழுதிப் போடட்டும். நீளமான வாக்கியமாக இருப்பது முக்கியம், எழுதும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும்.

அங்கேயே பிரித்துப் படிக்கக் கூடாது. வீட்டில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள்: வகுப்புக்குச் சொல்லலாம், சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டும், இன்றைக்கே கவனிக்க வேண்டும். பதில் சொல்லும்போது தாளைக் கையில் வைத்திருக்காதீர்கள், கையெழுத்தைப் பின்வரிசையிலிருந்தே அடையாளம் கண்டுபிடிப்பார்கள். ‘அப்பா குடிச்சிட்டு வந்து அடிச்சா என்ன செய்றது’ என்ற கேள்வி எந்தப் பெட்டியிலும் வரும். அப்பாவைத் திருத்தும் பொறுப்பைப் பிள்ளை தலையில் வைக்கும் பதிலைச் சொல்லாதீர்கள். அந்த இரவுக்கான திட்டம் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து வீட்டுக்குப் போவது, தம்பியைக் கூட்டிக்கொண்டு எந்த வாசல் வழியாகப் போவது, புத்தகப்பையை எங்கே வைப்பது, குடித்திருப்பவரின் வண்டியில் ஏறாமல் இருக்க என்ன சொல்வது. பிறகு, குழந்தைகள் உதவி எண் 1098.

மூன்றாவது பிரிவுத் தாள் பற்றித்தான் ஆசிரியருக்குத் தயாரிப்பு அதிகம் வேண்டும். பாதுகாப்பான தொடுதல் வகுப்பை நடத்துகிற பள்ளி, அதன் பிறகு ஒரு பிள்ளை வந்து சொல்லும் என்பதை எதிர்பார்த்தே நடத்த வேண்டும். வகுப்பில் “கத்து, ஓடு, சொல்லு” என்று மட்டும் கற்பித்தால், கத்த முடியாமல் உறைந்துபோன பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். “அந்த நேரத்தில் உடம்பு மரத்துப்போகலாம், கத்தலைன்னா அது உன் தப்பு இல்ல, எத்தனை நாள் கழிச்சும் சொல்லலாம்” என்ற வரியும் கட்டாயம் பாடத்தில் இருக்க வேண்டும். கையை நோட்டில் வரைந்து, விரலுக்கு ஒருவராக, சொல்லக்கூடிய ஐந்து பேரை எழுதச் சொல்லுங்கள். அதில் இருவராவது வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். உறுப்புகளின் பெயரை ஆசிரியர் முன்னதாகத் தனியே உரக்கச் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. வகுப்பில் முதன்முறை சொல்லும்போது குரல் தடுமாறினால், இது பேசக் கூடாத விஷயம் என்பதே பாடமாகிவிடும்.

பிள்ளை வந்து சொல்லும்போது, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. “உன்னைப் பத்திரமா வச்சுக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்பதே சொல்லக்கூடியது. குறுக்குக் கேள்வி வேண்டாம். ஏன் போனே, ஏன் அப்பவே சொல்லல என்ற இரண்டும் நாக்கு நுனியில் வரும், விழுங்கிவிடுங்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, உங்கள் மொழிக்கு மாற்றாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். எச்.எம்.முக்கு ஒருமுறை, கமிட்டிக்கு ஒருமுறை, பெற்றோருக்கு ஒருமுறை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். செய்தவர் வீட்டிலேயே இருக்கலாம் என்பதால், வீட்டுக்குச் சொல்லும் முன் 1098-இல் பேசி யோசனை கேளுங்கள். பள்ளி பற்றிய புகாருக்கு 14417-உம் உண்டு.

ஆசிரியர் அறையில் அந்தப் பெயர் பேச்சில் வரக் கூடாது. மறுநாள் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதும், தலையைத் தடவுவதும், கேள்வி கேட்காமல் தாண்டிப்போவதும் வேண்டாம். எல்லோரிடமும் வீட்டுப்பாட நோட்டைக் கேட்கும்போது அந்தப் பிள்ளையிடமும் கேட்டு, எல்லோருக்கும் போடுவது போலவே திருத்திக் கொடுங்கள்.